கரைப்பக்கம் பூசாத வத்தை

மாதாமுனையில் மனிதர்களின் கால்களில் கொட்டலசு முளைத்த வருடம் தவக்காலம் சீக்கிரமே வந்துவிட்டது, தை முடிவதற்குள் நெற்றியில் சாம்பல் பூசியாகிவிட்டது, ஆகவே சாம்பலுக்கும் கொட்டலசுக்கும் சம்பந்தம் உண்டென்று சிலரும், அந்த வருடம் மழை பொய்த்ததால் கடல் கரையோடு கோபித்துக்கொண்டதென்று சிலரும் சொன்னார்கள்; காரணம் தேடுவதில் அந்த ஊருக்கு அதற்குமேல் அக்கறை இருக்கவில்லை. பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வளருமே, அரிசி மாவில் பிடித்த சின்னக் கூம்பு போல வெள்ளை ஓடும் நுனியில் ஒரு வாயும் உள்ள பூச்சி, அதுதான் கொட்டலசு.

பெரிய வியாழனன்று அது வெளியே தெரிந்தது. மாலைப் பூசையில் பங்குச் சாமியார் தல்மேதா பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன் உட்காரவைத்து, ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததைப் போல ஒவ்வொருவர் காலாகக் கழுவித் துடைத்து வந்தபோது, நான்காவது ஆளின் காலில் அவருடைய உள்ளங்கை கிழிந்து தாம்பாளத்தில் ரத்தம் சொட்டியது.

“நகம் வெட்டிட்டு வரக் கூடாதாய்யா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நகம் இல்ல சாமி, கொட்டலசு,” என்றான் அந்த நான்காவது ஆள், படகு செய்யும் ஓடாவி எரேமியாஸ். “பத்து நாளா இருக்கு. தண்ணி பட்டா தொறக்கும், பாருங்க.”

தண்ணீர் பட்டதும் ஓடுகள் திறந்தன, உள்ளிருந்து இறகு போன்ற சின்னச் சின்னக் கைகள் நீண்டு, சாமியாரின் விரலைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டன. சாமியார் விரலைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவது காலுக்கு நகர்ந்தார், ஏனென்றால் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள், பாடுகிறவர்கள் கடைசிச் சரணத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

ஈஸ்டருக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஓடித் திரியும் பிள்ளைகளுக்கு அது வருவதில்லை, கடலுக்குப் போகும் ஆண்களுக்குக் கொஞ்சமாக வரும், அடுப்புக்கு முன்னும் குழாயடியிலும் நோயாளியின் கட்டிலருகிலும் நின்றுகொண்டே இருக்கும் பெண்களுக்குக் கணுக்காலைத் தாண்டி ஏறும் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது; சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த பின் ஒருவர் காலை மற்றவர் மடியில் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டிவிடுவதும், உதிர்ந்த ஓடுகளை நீற்றிச் சுண்ணாம்பாக்கிச் சுவருக்கு அடிப்பதும் வழக்கமாயின, சுரண்டியது புதன்கிழமைக்குள் திரும்ப வளர்ந்துவிடும் என்றாலும். சுகாதார நிலையத்திலிருந்து வந்தவர் தன் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லாததால் கால் ஆணி என்று எழுதிக்கொண்டு போனார். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதத்தையும் பார்த்தார்கள், நெருக்கமாக முளைத்திருந்தால் “வீட்டோட இருக்குற பிள்ள” என்று சந்தோஷப்பட்டார்கள், வெறுங்காலாக இருந்தால் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம், ஊரை விட்டு வெளியே போக முடியவில்லை. தார் ரோடு தொடங்கும் இடத்தில் ஒரு குருசடி இருந்தது, கல்லில் நட்ட சிலுவையும் அதைச் சுற்றி ஒரு சின்ன மாடமும். அதைத் தாண்டப் போகையில் கால்களிலிருந்த கொட்டலசு எல்லாம் ஒன்றாகத் தரையைக் கவ்விக்கொள்ளும், பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தால் தகரத்தைக் கவ்வி, தகரம் வழியாக ரோட்டையும் கவ்வும், எஞ்சின் உறுமும், சக்கரம் சுற்றிப் புகையும், பஸ் நகராது. அன்றைக்குக் காலையில்தான் சுரண்டிய காலாக இருந்தாலும், தோலில் பதிந்துபோன வெள்ளை வளையங்கள் போதும் கவ்வுவதற்கு. நான்கு நாள் பொறுத்துப் பார்த்த கண்டக்டர் ஐந்தாம் நாள் படியிலேயே நின்று சொல்லிவிட்டார்: “உள்ள வர டிக்கெட்டு உண்டும்மா. வெளிய போவ கிடையாது. இறங்குங்க, வண்டியாவது போவட்டும்.”

தெக்லாவுக்கு முழங்கால் வரை இருந்தது.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை, தம்பி ஆஸ்டின் வீட்டில் இருந்தாள். பிரசவ வீட்டில் வெந்நீர் வைப்பதற்கும், இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்துவதற்கும், கலெக்டருக்கு மனு எழுதுவதற்கும், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் பாயைப் போட்டு உட்காருவதற்கும் அந்த ஊருக்கு ஒரே ஆள் அவள்தான். “தெக்லாக்காவக் கூப்பிடு” என்று அங்கே சொல்வது மற்ற ஊர்களில் “தண்ணி கொண்டா” என்று சொல்வதைப் போல. இல்லை என்ற சொல்லை அவள் யாருக்கும் சொன்னதில்லை, சொல்லக் கூடாதென்று நினைத்ததல்ல, நினைப்பதற்குள் கால் நடந்துவிடும். முப்பத்தொன்பதாவது வயதில் தபாலில் படித்து பி.ஏ. முடித்திருந்தாள். ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது, கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டன் வேலை, ஜூன் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும், தங்குவதற்குத் தனி அறை, அறையில் ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் உண்டு.

“ஜன்னலுக்காகவா மைனி போறீங்க?” என்றாள் தம்பி மனைவி ரீத்தா. “நம்ம வீட்டுல நாலு ஜன்னல் இருக்கே.”

“நாலுலயும் யாராவது நின்னுக்கிட்டு என்னக் கூப்பிடுதீங்களே.”

ரீத்தா சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “மெர்லின் உங்க கிட்டத்தான சோறு திம்பா,” என்றாள். நான்கு வயது மெர்லின் அப்போதும் அத்தையின் முழங்காலைக் கட்டிக்கொண்டுதான் நின்றிருந்தாள், கொட்டலசின் கூர்முனைகள் கன்னத்தில் கோலம் பதித்திருந்தன, அது அவளுக்கு வலிக்கவில்லை.

ரோடு விடவில்லை, கடல் விடும் என்று தெக்லா எண்ணினாள், ஏனென்றால் கடலுக்குப் போன ஆண்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள். ஆனால் எஞ்சின் படகுக்காரர்கள் எவரிடம் கேட்டாலும், “ஏத்திட்டுப் போறதுக்கென்னக்கா, அடுத்த வாரம் பாப்போம்,” என்றார்கள், அவளில்லாத ஊரைப் பற்றி அவர்கள் மனைவிமார் வீட்டில் பேசியிருந்தார்கள். ஆகவே அவள் வீட்டுக்குப் பின்னால் பூவரச மரத்தடியில் பதினொரு வருடமாகக் கிடந்த அப்பாவின் வத்தையிடம் போனாள். ஒற்றைப் பாய் கட்டிய சின்னப் படகு அது, அப்பா சூசைமரியான் இறந்த அன்று கரையில் ஏற்றியதுதான், பிறகு யாரும் இறக்கவில்லை, கோழிகள் அதற்குள் முட்டையிட்டுவந்தன.

பனந்தடிகளைப் போட்டு அதைப் புரட்டி, அடியைச் சுரண்டத் தொடங்கினாள். படகின் அடியில் பூசுவார்களே, கடல்பூச்சி ஒட்டாமலிருக்க, அந்தச் சிவப்புப் பெயிண்ட், வருடத்துக்கு ஒரு பூச்சாக, பழையதை எடுக்காமல் அதன்மேலேயே அப்பா இருபத்தாறு வருடம் பூசியிருந்தார். அது இப்போது விரல் கனத்துக்குப் பொருக்காகி, வெடித்து, வெடிப்புக்குள் செத்த கொட்டலசின் வெள்ளைத் தழும்புகளோடு ஆமை ஓடு மாதிரி இருந்தது. லாரியின் வில்பட்டையை அடித்துச் செய்த உளியால் அவள் சுரண்டினாள், பொடி பறக்காமலிருக்கக் கடல்தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுரண்டினாள், மூக்கில் துணி கட்டியும் நாக்கில் செம்புப் பாத்திரத்தை நக்கியதைப் போல ஒரு கசப்பு எந்நேரமும் இருந்தது; செங்கல் நிறத்துக்கு அடியில் ரத்த நிறம் வந்தது, ரத்த நிறத்துக்கு அடியில் கடையில் சிவப்பு கிடைக்காத வருடத்தின் பச்சை வந்தது, அது அம்மா இறந்த வருடம், அவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திய வருடம், அந்தப் பச்சையைச் சுரண்ட மட்டும் நான்கு நாள் ஆயிற்று, அதற்கும் அடியில் தாராகக் கறுத்த கீல், கீலுக்கு அடியில் எண்ணெயும் சுண்ணாம்பும், ஒரு நாள் மத்தியானம் திடீரென்று, தழும்பு இல்லாத பிள்ளையின் முதுகைப் போல, மரம்.

“இது மரமா பெயிண்டா தெக்லா?” என்று கேட்டுக்கொண்டே வந்தான் எரேமியாஸ். “பெயிண்ட எடுத்துட்டா படகே இருக்காதுன்னு நெனச்சேன்.”

“இருக்கு. நீ ஆணியப் போட்டுக் குத்திப் பாரு, எங்கெங்க இத்துப்போச்சுன்னு.”

அவன் குத்திப் பார்த்தான். ஏராவுக்கு, அதாவது படகின் முதுகெலும்பான அடிமரத்துக்கு, பக்கத்தில் இரண்டு பலகையில் ஆணி வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கியது, கப்பல்புழு உள்ளே தேன்கூடு கட்டியிருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு ஆயினிப் பலகையை இழைத்து இறக்கினான், மூட்டுகளில் எல்லாம் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் ஊற்றினார்கள், அவன் அடிக்க அவள் ஊற்ற, அவள் அடிக்க அவன் ஊற்ற, சித்திரை முழுவதும் அந்தப் பூவரச மரத்தடியில் குங்கிலியப் புகை கோயிலில் சாம்பிராணி போடுவது போல நின்றது.

“முழங்கால் வரைக்கும் கொட்டலசோட போயி நிப்ப, விடுதிப் பிள்ளைக பயந்துரும்,” என்றான் ஒரு நாள்.

“பயப்படட்டும். வார்டனுக்கு அது நல்லதுதான.”

அவன் திரியைத் திணித்துக்கொண்டே, “நீ போனா ஊருக்குக் கஷ்டம்தான்,” என்றான்.

“ஊரு சொல்லுதா, நீ சொல்லுதியா?”

அவன் சுத்தியலை எடுத்து, ஏற்கெனவே அடித்த மூட்டை இன்னொரு தடவை அடித்தான்.

பெயிண்ட் ஒரே ஒரு டின்தான் கிடைத்தது, தூத்துக்குடித் துறைமுகத்துக் கடையிலிருந்து கண்டக்டர் வாங்கி வந்து கொடுத்தார், அடுத்த சரக்கு ஆடி மாதம்தான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வத்தைக்கு ஒரு டின் சரியாக இருக்கும். டின்னைத் திறந்து கலக்கிக்கொண்டிருந்தபோது வேடிக்கை பார்க்க வந்த மரியபுஷ்பத்தின் கால் கட்டைவிரலில் ஒரு சொட்டு விழுந்தது, சாயந்தரத்துக்குள் அந்த விரலில் இருந்த கொட்டலசு கருகி உதிர்ந்து, அடியில் வளையம் கூட இல்லாமல் தோல் பளபளத்தது.

மரியபுஷ்பத்தின் மகள் சில்வியாவுக்கு அந்த வாரம் கல்யாணம், மாப்பிள்ளை வெளியூர், பெண் எப்படிக் குருசடியைத் தாண்டுவாள் என்று அந்த வீட்டில் அடுப்பு எரியாமல் கிடந்தது. மரியபுஷ்பம் ஒரு தேங்காய்ச் சிரட்டையை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். தெக்லா ஊற்றினாள். நலங்கு வைக்கும்போது பெண்ணின் பாதத்தில் வழக்கமாக இடும் சிவப்புக்குப் பதிலாகப் படகுச் சிவப்பை இட்டார்கள், குலவையிட்டார்கள், சில்வியா மறுநாள் குருசடியை வாசற்படியைத் தாண்டுவதைப் போலத் தாண்டிப் போனாள்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அந்தப் பெயிண்ட் பூசிய காலுள்ளவர்கள்மேல் எதுவுமே ஒட்டுவதில்லை என்று. சில்வியாவின் விரலில் மோதிரம் நிற்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். மரியபுஷ்பம் மகளுக்காகப் பூசையில் பேர் சொல்லி வேண்டும்படி கருத்துக் கொடுக்கச் சாமியாரிடம் போய், “எம் மகளுக்காக…” என்று தொடங்கி, வாயைத் திறந்தபடியே நின்றாள்.

“பேர் என்னம்மா?”

“இருக்கு சாமி. வாயில வருது, வழுக்கிட்டுப் போயிருது.”

ஜூன் வருவதற்குள் சில்வியாவின் முகமும் அவளுக்கு வழுக்கிவிட்டது. கல்யாண போட்டோவில் யார் நடுவில் நிற்கிறது என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டாள்.

தெக்லா இதைக் கேட்டுவிட்டு வந்து தன் கால்களைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். நூற்றுக்கணக்கான கைகள் திறந்து மூடித் திறந்தன. இரண்டு சிரட்டை பூசினால் போதும், திங்கட்கிழமை பஸ்ஸிலேயே போய்விடலாம், ஆனால் கழுத்தைக் கட்டிக்கொள்ள வரும் மெர்லினின் கை வழுக்கி விழும், அப்பா வழுக்கி விழுவார், அவள் குளிப்பாட்டி அனுப்பிய முகங்களெல்லாம் வழுக்கி விழும். அவளுக்குப் போக வேண்டும், உதறிவிட்டுப் போக வேண்டாம். வத்தை என்றால் இவற்றையெல்லாம் காலோடு வைத்துக்கொண்டு போகலாம்.

ஆனால் சிரட்டைகள் வந்தன. உதறிவிட ஏதோ ஒன்று எல்லோரிடமும் இருந்தது, அல்லது இருப்பதாகச் சொன்னார்கள். மகன் இறந்ததிலிருந்து உறங்காதவள் வந்தாள், குடிகாரனைக் கட்டிக்கொண்டவள் வந்தாள், சவுதிக்குப் போகக் காத்திருந்தவன் வந்தான், எதற்கென்றே சொல்லாமல் கோயில் உபதேசியார் வந்து டின்னின் விளிம்பில் வழிந்ததை மட்டும் வழித்துக் கேட்டார், “கொஞ்சம்தான தெக்லா, உனக்கு இல்லாததா” என்றார்கள், “ஒரு சிரட்டையில கொறஞ்சிரவா போவுது” என்றார்கள், ஒவ்வொரு சிரட்டைக்கும் அவள் வாய் இல்லை என்று சொல்லத் திறந்தது, ஒவ்வொரு சிரட்டைக்கும் கை சாய்ந்தது.

கடைசியாக ரீத்தா வந்தாள். அவள் கையில் சிரட்டை இல்லை, சோற்றுப் பானை இருந்தது.

“எதுக்கு ரீத்தா, இவ்வளவு?”

“தேவப்படும் மைனி.” ரீத்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எரேமியாஸ் எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். “ஊத்தாத தெக்லா,” என்று ஒரு தடவை சொன்னான். ஊற்றி முடித்திருந்தாள்.

கடற்பக்கமாக இருந்த வலது பாதியைப் பூசினாள். அடிமரத்துக்கு வந்தபோது தூரிகை டின்னின் தகரத்தைச் சுரண்டியது. கரைப்பக்கமாக இருந்த இடது பாதிக்குப் பெயிண்ட் இல்லை. எரேமியாஸ் மீன் எண்ணெயில் சுண்ணாம்பைக் குழைத்து அந்தக் காலத்து முறையில் அந்தப் பாதியைப் பூசிக் கொடுத்தான், “மூணு வாரம் தாங்கும், ஒனக்கு ஒரு நாள் பாட்டைதான,” என்றான், அது சரியான கணக்குதான், மற்ற எந்த வருடமாக இருந்தாலும்.

சனிக்கிழமை காலையில் மேல்காற்றான கச்சான் வீசத் தொடங்கியதும் வத்தையை இறக்கினார்கள். மொத்த ஊரும் வந்து தள்ளியது. சிரட்டை கொண்டுவந்த கைகள் எல்லாம் பலகையில் தோள்கொடுத்தன, சோறு, கருவாடு, தண்ணீர்க்குடம், செபமாலை, மறந்துவிடாமல் போட்டுக்கொள்ளச் சொல்லிக் காய்ச்சல் மாத்திரை, எல்லாம் ஏற்றினார்கள், உண்மையாகவே அழுதார்கள். மெர்லினைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. தெக்லா அடித்தட்டில் கால் வைத்ததும் கொட்டலசு பலகையை இறுகப் பற்றிக்கொண்டது, அது அவளுக்குத் தைரியமாக இருந்தது. பாய் ஏறியது, வத்தை வடக்கே திரும்பியது, சிவப்புப் பாதி கடலைப் பார்த்தும் வெள்ளைப் பாதி ஊரைப் பார்த்தும் போயிற்று.

மூன்று மைல் போனது. சங்குப் பாருக்குமேல், தண்ணீருக்கடியில் பாறைத்திட்டு நீண்டு கிடக்கும் இடத்தில், பாய் நிறைந்திருக்கும்போதே வத்தை நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். கரைப்பக்கத்தில், சுண்ணாம்பு தெரியாத அளவுக்கு, வெள்ளை வெள்ளையாக நெருக்கி முளைத்திருந்தது, ஆயிரம் வாய்கள் திறந்து ஆயிரம் கைகள் நீண்டு தண்ணீரையே பிடித்துக்கொண்டிருந்தன. துடுப்பின் நுனி எட்டிய மட்டும் இடித்தாள். கால் பலகையோடு பலகையாகிவிட்டிருந்தது, அதற்குமேல் குனிய முடியவில்லை.

மறுநாள் எரேமியாஸ் எஞ்சின் படகில் கயிற்றோடு போய்க் கட்டி இழுத்தான். கயிறு அறுந்தது. அடுத்த கயிறும் அறுந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணி ஆயிற்று, பிறகு பதினொரு மணி ஆயிற்று. ஜூலையில் விடுதியிலிருந்து, இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்று தம்பி வீட்டுக்கு ஒரு கார்டு வந்தது, அதைப் படகில் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார்கள், கூடவே மீன் குழம்பும்.

ஊர் இதற்கும் பழகியது. போகிற படகு ஒவ்வொன்றும் அவளுக்குத் தண்ணீரும் சோறும் கொடுத்துவிட்டுப் போனது, வருகிற படகு ஒவ்வொன்றும் ஊர் கேட்டனுப்பிய யோசனைகளை அவளிடம் வாங்கிக்கொண்டு வந்தது. மனுத் தாள்கள் பிளாஸ்டிக் பையில் போயின, அவள் கையெழுத்தில் நிறைந்து வந்தன. சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டியை ஒரே படகில் ஏற்றிக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆழ்கடலில் நின்று திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு அவளுடைய பாயும் கரையிலிருக்கும் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் வந்தால் காலடியில் சங்குப் பாரின் நல்ல மீன் கிடக்கும் என்பதை ஆவணி மாதம் ஒருவர் கண்டுபிடித்தார், அதற்குப் பிறகு மாதாமுனைப் படகுகள் வெறுங்கையோடு திரும்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வீட்டுச் சாமான்களை ஒதுக்கியபோது பரண்களிலிருந்து சிரட்டைகள் இறங்கின, ஒன்றிரண்டு தவிர மற்றெல்லாவற்றிலும் பெயிண்ட் தொடப்படாமல் காய்ந்து, கல்லாகிக் கிடந்தது. ரீத்தா வீட்டுப் பரணில் ஒரு பானை இருந்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, அடுத்த வீட்டுச் சிரட்டையைப் பார்த்தவர்களும் சொல்லவில்லை.

மறுவருடம் பெரிய வியாழனன்று சாமியார் தல்மேதா பதினோரு பேரின் கால்களை மட்டும் கழுவினார். மறுநாள் விடிந்ததும் தாம்பாளத்தையும் துண்டையும் எடுத்துக்கொண்டு படகேறிப் போனார். தெக்லாவின் கால் எங்கே முடிகிறது, பலகை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தண்ணீரை ஊற்றினார். கைகள் திறந்து அவர் விரலைப் பற்றின, போன வருடம் போல விட்டுவிடவில்லை.

“கரைக்கு ஏதாவது சொல்லணுமாம்மா?”

அவள் யோசிக்கவில்லை, பத்து மாதமாக யோசித்து வைத்திருந்தாள். “இடது பக்கத்த மட்டும் யாராவது சுரண்டிவிடச் சொல்லுங்க சாமி. முகத்துல கண்ணாடி போட்டு முங்கினா போதும். நாலு பேரு வந்தா அரை நாள் வேலை.”

ஈஸ்டர் பூசையில் சாமியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். எல்லோரும் கேட்டார்கள், தலையசைத்தார்கள், மரியபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எரேமியாஸ் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து தெக்லா விட்டுப்போன அந்த லாரிப் பட்டை உளியை எடுத்துத் தீட்டினான், விளிம்பில் விரல் வைத்துப் பார்த்தான், ஆணியில் மாட்டிவைத்தான். திங்கட்கிழமை படகுகள் வழக்கம்போலத் தொழிலுக்குப் போயின. தாழ்வாக மூடுபனி இருந்தது, அதற்குமேல் கோபுரம் தெரிந்தது, பாதி இறக்கியிருந்த பாய் தெரியவில்லை.

“தெக்லாக்கா!” என்று முதல் படகிலிருந்து ஒருவன் கைகளைக் குவித்துக் கூப்பிட்டான். “சாப்டீங்களா?”

“சாப்டேன்!”

“பாயக் கொஞ்சம் ஏத்திப் பிடிங்கக்கா, எடம் தெரியல!”

அவள் வாய் திறந்தது. கை கயிற்றை இழுத்தது. பாய் மரத்தின் உச்சி வரை ஏறி, காற்று முழுவதும் அதில் வந்து நிறைந்து, கயிறுகள் விறைத்து முனகின, பூசிய பக்கம் கடலை நோக்கிச் சாய்ந்தது, வத்தை இருந்த இடத்திலேயே இருந்தது, பனிக்குள் படகுகள் ஒவ்வொன்றாக அவளைப் பார்த்துத் தங்கள் இடத்தைத் தெரிந்துகொண்டு வலையை இறக்கின.